ஆரல்வாய்மொழியில் ஓர் "ஏற்றுமதி"

தோவாளைத் தோழர்களே! ஆரல்வாய்மொழிக் கணவாயை எத்தனை முறை கடந்திருப்பீர்கள்! உங்கள் ஊர்ப் பூக்கூடைகள் பொழுது விடியுமுன் அவ்வழியே போகின்றன. கணவாய்க்கு அப்பால் காவல்கிணறு, நடந்தே சேரலாம். வெள்ளையன் ஆண்ட காலத்தில் அங்கிருந்து உழவன் ஒருவன், பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கியோடு இங்கிருந்த உறவினர் வயலுக்கு வந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? ஏற்றுமதி! கப்பல் இல்லை, கடல் இல்லை, வாங்குவோன் இல்லை, விற்போன் இல்லை, ஆயினும் ஏற்றுமதி!

1878ஆம் ஆண்டு, லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது பிறந்தது இந்திய ஆயுதச் சட்டம். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உள்ளேயோ, அதனின்று வெளியேயோ, கடல்வழியாயினும் தரைவழியாயினும் உரிமமின்றி ஆயுதமோ வெடிமருந்தோ படைத் தளவாடமோ கொண்டு செல்லலாகாது என்றது அதன் 6ஆம் பிரிவு. திருநெல்வேலிச் சீமை பிரிட்டிஷ் இந்தியா. தோவாளையோ திருவிதாங்கூர் மன்னர் நாடு. எனவே கணவாய் "அயல்நாட்டு" எல்லை ஆயிற்று! ஆயுதம் என்றால் பீரங்கி மட்டுமா? வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டிமுனை, வில், அம்பு அனைத்தும் பட்டியலில் உண்டு. ஈயத்தையும் கந்தகத்தையும் வெடியுப்பையுங்கூடத் தளவாடமென்று அறிவிக்க அரசுக்கு அதிகாரம். மீறினால் மூன்றாண்டுச் சிறை. மறைத்துக் கொண்டு சென்றால் ஏழாண்டு. உள்நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கவோ, ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியனுக்கு விலங்கு. அதே ஆண்டில்தான் தாய்மொழி ஏடுகளை அடக்கும் சட்டமும் வந்தது. கையைக் கட்டியவர்கள் நாவை மட்டும் விட்டுவைப்பார்களா?

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? நம் மண்ணைக் கேளுங்கள்! குளச்சலில் 1741இல் டச்சுப் படை தோற்றது. தோற்றவர்களில் ஒருவரான டிலனாய், உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை கண்டார். ஆரல்வாய்மொழியில் அரண் எழுப்பினார். அந்த அரணைத்தான், வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் அறைகூவல் விடுத்த மறுமாதமே, 1809 பிப்ரவரி 10 அன்று கர்னல் செயின்ட் லெஜரின் படை தகர்த்தது. அடுத்து நடந்ததென்ன? சில நூறு பேர் நீங்கலாகத் திருவிதாங்கூர்ப் படையையே கலைத்தார்கள். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், மருதிருவரைத் தூக்கிலிட்ட 1801இலேயே, தென்பாளையங்களில் ஆயுதம் ஏந்துவதற்குத் தடை விதித்திருந்தார்கள்.

"ஆயுத வாணிகத்தைத் தடுப்பது நல்லதுதானே, அமைதி நிலைக்குமே" என்று சில அறிவாளர்கள் நம்மிடம் வாதிடுகிறார்கள். அமைதியா? வெடியுப்பின் கதையைக் கேட்டுவிட்டு அவர்கள் பேசட்டும்!

துப்பாக்கி மருந்துக்கு உயிர்நாடி வெடியுப்பு. பீகார் மண்ணை வடித்துக் காய்ச்சி அதை எடுத்தவர்கள் நம் நாட்டு ஏழைகள். பிளாசிப் போர் முடிந்த மறு ஆண்டே, 1758இல், அதன் தனியுரிமையை மீர் ஜாபரிடம் பெற்றுக்கொண்டது கும்பினி. பிரெஞ்சுக்காரனும் டச்சுக்காரனும் வாய்பார்த்து நின்றார்கள். நூறாண்டு கழிந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலத்துப் படைக்கு மருந்து வேண்டி, டூபாண்ட் குடும்பத்தான் ஒருவன் இலண்டனில் இந்திய வெடியுப்பை வாங்கிக் குவித்தான். 1861 இறுதியில் டிரெண்ட் கப்பல் விவகாரத்தால் பிரிட்டனுக்கும் அவர்களுக்கும் பகை மூண்டது. உடனே வந்தது ஏற்றுமதித் தடை! பிடிபட்ட இரு தூதர்களையும் விடுவித்ததும், 1862 தொடக்கத்தில், தடை மாயமாய் மறைந்தது. அமைதிமேல் கொண்ட காதல் அத்தனை வேகத்தில் வந்து போகுமா, தோழர்களே? யார் யாரைச் சுடலாம் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைத்தான் அவர்கள் காதலித்தார்கள். உப்பைக் காய்ச்சியவனை எவரும் கேட்கவில்லை.

1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ், இராஜபக்தியைச் சான்று காட்டி, இச்சட்டத்தைத் திருத்துமாறு வேண்டிற்று. 1930இல் காந்தியார் விடுத்த பதினொரு கோரிக்கைகளிலும் தற்காப்புத் துப்பாக்கி உரிமம் இடம்பெற்றது. வெள்ளையன் போனான். 1956 நவம்பர் 1இல் தோவாளை தமிழகத்தோடு இணைந்தது. கணவாய் எல்லை அழிந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பழையதை அகற்றியது.

உரிமம் தரும் கை மாறிவிட்டது. கேட்கும் உரிமை நமக்கு வந்ததா? 2023-24இல் இந்தியாவின் படைத் தளவாட ஏற்றுமதி 21,083 கோடி ரூபாய். இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பும் உரிமங்களை நிறுத்தக் கோரிய மனுவை, வெளியுறவுக் கொள்கையில் தான் தலையிட இயலாது என்று 2024 செப்டம்பரில் தள்ளியது உச்ச நீதிமன்றம். சரி, நீதிமன்றம் கேட்காதென்றால் நாடாளுமன்றமாவது கேட்க வேண்டாமா? எந்த நாட்டுக்கு, எந்த ஆயுதம், எவர் கையொப்பத்தில் என்ற பட்டியல் ஆண்டுதோறும் அவையில் வைக்கப்பட வேண்டும். வாக்குக் கேட்டுத் தோவாளைக்கு வருகிறவர், எக்கட்சியினராயினும், கணவாயைத் தாண்டுமுன் இதற்கு விடை சொல்லிவிட்டுப் போகட்டும்!