குதிகால் வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை

பிரதோஷந்தோறும் பிராகாரத்தை வலம் வந்து பழகியவர்களுக்குக் குதிகால் வலி பெருஞ்சோதனை. கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் நடக்கையில் முதல் சுற்றிலேயே முள் தைத்தாற்போல் வலிக்கும். காலையில் படுக்கையைவிட்டு எழுந்து வைக்கும் முதல் அடி அதனினும் கொடியது. எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் இதனாலேயே பல மாதங்கள் கொடிமரத்தடியில் நின்றபடி வணங்கித் திரும்பினார். ஒத்தடம், மெத்தென்ற காலணி, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி என எதிலும் வலி முற்றும் நீங்கவில்லை. மருத்துவர் ‘ஷாக்வேவ்’ சிகிச்சையைப் பரிந்துரைத்தபோது, “இந்த வயதில் எனக்கு ஷாக் கொடுக்கப் போகிறீர்களா, டாக்டர்?” என்று அஞ்சினார்.

அச்சத்திற்குக் காரணம் பெயர்தான். உடலில் மின்சாரம் பாய்வதில்லை. ஒலியைப் போன்ற அழுத்த அலைகளே செலுத்தப்படுகின்றன. சிறுநீரகக் கற்களை அறுவையின்றி உடைப்பதற்காக 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலில் மனிதருக்குச் செய்யப்பட்ட சிகிச்சையின் வழிவந்தது இது. அதனால் குதிகாலில் வளர்ந்த எலும்பு முள்ளையும் இது உடைத்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. முள் இருந்தபடியே இருக்கும். முள் இருந்தும் வலி அறியாதவர்கள் உண்டு. உள்ளங்காலின் தடித்த திசுப்பட்டை குதிகால் எலும்போடு சேருமிடத்தில் நாட்பட்டு நிற்கும் பாதிப்பை ஆறத் தூண்டுவதே நோக்கம்.

குதிகாலில் களிம்பு தடவி, கைக்கருவியை அழுத்திப் பிடிப்பார்கள். ‘டக் டக்’ என்ற ஓசையுடன் சுமார் 2,000 துடிப்புகள். பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். வலிக்கத்தான் செய்யும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். பொதுவாக வாரம் ஒருமுறையாக மூன்று முதல் ஐந்து முறை. அன்றே நடந்து வீடு திரும்பலாம். ஓரிரு நாள் சிவப்பும் வீக்கமும் நோவும் இருக்கக்கூடும். மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை விழுங்கலாகாது.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், அண்மையில் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள், புற்றுநோய் கண்டவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் ஆகியோர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதற்காக இதய மருந்தைத் தாமாக நிறுத்துவது பேராபத்து.

பலன் உடனே தெரியாது. பல வாரங்கள், சிலருக்கு மூன்று மாதங்கள்கூட ஆகும். வைப்புத்தொகை முதிருமுன் முழு வட்டியைக் கேட்க இயலுமா? எல்லோருக்கும் குணமாகும் என்ற உறுதியும் இல்லை. அந்த அம்மையாரும் நான்காம் வாரத்தில், “பணம் போனதுதான் மிச்சம்” என்று மகனிடம் குறைபட்டுக்கொண்டார். ஆயினும் தசைப் பயிற்சியை விடவில்லை. மூன்றாம் மாதப் பிரதோஷத்தன்று, வெயில் தாழ்ந்தபின், தேங்காய்நார் விரிப்பு போட்ட பக்கமாக ஒரே ஒரு சுற்று வந்தார். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலத்திற்கு மருத்துவர் இன்னும் சம்மதிக்கவில்லை.