நடையும் நினைவும்

முதியவர் ஒருவருக்கு ஞாபகம் தடுமாறுகிறதோ என்ற ஐயம் எழுந்தால், இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லுங்கள் என்றெல்லாம் கேட்பதோடு பெரும்பாலும் பரிசோதனை நின்றுவிடுகிறது; அவர் நாற்காலியை விட்டு எழுந்து நடப்பதைக் கருத்தூன்றிக் கவனிப்பவர் அரிது. இது பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்; ஏனெனில் நடையும் நினைவும் மூளைக்குள் பிணைந்தே இருக்கின்றன.

பிடரியின் மேலே, பெருமூளைக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கும் சிறுமூளை, பருமனில் மூளையின் பத்திலொரு பங்கே ஆயினும், சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அதனுள்ளேதான் இருக்கின்றன. பிரெஞ்சு தேசத்து ஃப்ளூரென்ஸ் 1824-இல், அசைவுகளை இசைவுபடுத்துவதே அதன் தொழில் என்று நிலைநாட்டியது முதல், சிந்தனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே வைத்திய உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1998-இல் பாஸ்டன் நகரத்து ஜெரமி ஷ்மாமனும் ஜேனட் ஷெர்மனும், சிறுமூளை பழுதுற்ற 20 நோயாளிகளை ஆராய்ந்து, திட்டமிடுவதிலும் சொல்லைத் தேடி எடுப்பதிலும் இடவுணர்விலும் அவர்கள் இடறுவதையும், அவர்களுடைய உணர்ச்சி மழுங்குவதையும் எடுத்துக்காட்டினார்கள். கச்சேரியில் காலப்பிரமாணத்தை மிருதங்கம் காப்பதுபோல, காலின் அசைவுக்கும் எண்ணத்தின் ஓட்டத்திற்கும் ஒருங்கே அது நிதானம் தருகிறது என்பது ஷ்மாமனுடைய கொள்கையின் சாரம்.

ஆயினும், சிறுமூளையைப் படம்பிடித்து மறதிநோயை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று எவரேனும் உறுதி கூறினால் நம்பவேண்டாம். மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் நோயின் தொடக்கம் வேறிடத்தில். நடையோ சிறுமூளை, பெருமூளை இரண்டும் கூடி நடத்தும் காரியம். ஆதலால் எங்கே பழுது நேரினும் அது நடையில் தெரியக்கூடும். ஜோ வர்கீஸும் பிறரும் 17 நாடுகளில் 26,802 முதியோரைப் பற்றிய தகவல்களைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மெதுவான நடையும் ஞாபகக் குறைவு பற்றிய மனக்குறையும் சேர்ந்திருப்போர் பத்தில் ஒருவர் என்றும், பின்னாளில் அறிவுத் தளர்ச்சி அவர்களை அதிகமாகப் பற்றுகிறது என்றும் காட்டியது. கழித்தல் கணக்குப் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு அநியாயமான கேள்வி. நடப்பதற்குப் படிப்பு எதற்கு?

நம் நாட்டில் அறுபது வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது 88 லட்சம் பேர், மறதிநோயுற்றவர்கள் என்று ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பிள்ளைகள் வேலை நிமித்தம் வெளிநாடு சென்றுவிட, முதிய தம்பதியர் மட்டும் வசிக்கும் வீடுகள் சென்னைப் புறநகரான அஸ்தினாபுரத்தின் தெருக்களிலும் சிட்லபாக்கத்திலும் பெருகிவரும் இக்காலத்தில், நடையிலோ நினைவிலோ தோன்றும் தடுமாற்றத்தை முதலில் காண வீட்டில் ஆளில்லை. 2021 ஆகஸ்ட் முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்தை வாசலுக்கே கொண்டுவரும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர், பங்குனியிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லிக்கொண்டே சில அடிகள் நடக்கச் சொல்லிப் பார்த்தால் என்ன? பேச்சு வந்ததும் கால் நின்றுவிடுகிறதா, தள்ளாட்டம் கூடுகிறதா என்று குறித்துக்கொள்வதற்கு யந்திரம் ஏதும் வேண்டியதில்லை.

அவர்கள் குறித்தனுப்பும் முதியோரைக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையோ, 2024-இல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையோ ஏற்று, தைராய்டு, பி12 குறைவு, தலையில் அடிபட்டு உறைந்த இரத்தம் ஆகியவற்றை முதலில் ஆராயவேண்டும். ஏனெனில் இவை சிகிச்சைக்கு இணங்குபவை. மூளைக்குள் நீர் தேங்குவதால், தரையோடு ஒட்டினாற்போல் பாதம் இழுபட்டு, சிறுநீர் அடக்கமுடியாமற் போய், மறதியும் சேரும் வியாதி ஒன்றுண்டு. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் விட்டுவிடும் அந்நோயாளிகளுள் பலர், அந்நீரை வடிக்கும் சிகிச்சைக்குப்பின் முன்னிலும் நன்றாக நடக்கிறார்கள்.