தார் ரோடு மாட்டுக்கு ஆகாது

எங்கள் எப்போதும்வென்றானில் கோவில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து விடுவார்கள். நானும் ஆசையாகப் பார்த்தவன்தான். அதனால்தான் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டபோது கொதித்தோம். 2017-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. அது செல்லும் என்று 2023 மே 18-ல் தீர்ப்பும் வந்தது. நாம் ஜெயித்துவிட்டோம். மாட்டுக்கு என்ன செய்தோம்?

கிண்டியில் குதிரை ஓட வெள்ளைக்காரன் 1777-லேயே தனி மைதானம் போட்டான். நம் மாடு இன்றும் தார் ரோட்டில்தான் ஓடுகிறது. பின்னாலேயே பைக் கூட்டம், ஹாரன், கூச்சல். லாடம் அடித்த கால் தாரில் வழுக்கினால் மாடு என்ன ஆகும்? பண்பாடு என்கிறோமே, நம் தாத்தா காலத்தில் தார் ரோடு ஏது? கரிசல் வண்டிப்பாதைதானே!

பரிசுக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குவோம். புறம்போக்கில் நீளமாக ஒரு தடம் கேட்போம். மேலே செம்மண் பரப்பினால் போதும். தடைக்கு எதிராக ரோட்டில் உட்கார்ந்த நாம், இதற்கு ஒரு மனுவாவது கொடுத்தோமா?

மாடு தோற்கிற பந்தயத்தில் நமக்கு எப்போதும்வென்றான் என்று பேர் இருந்து என்ன பிரயோசனம்?