குத்தாலத்தில் தோண்டினால் குற்றாலத்தில் அடுப்பு எரியுமா?

வளைகுடாவில் போர் என்று செய்தி வந்தால் போதும், நம் தென்காசி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பல்லவி: "டெல்டாவில் எரிவாயு எடுக்க விடாமல் போராடினீர்களே, இப்போது சிலிண்டருக்கு வரிசையில் நில்லுங்கள்." என்னிடம் படித்த பிள்ளைகளே இதைப் பகிர்கிறார்கள். வேதியியல் வாத்தியார் எப்படிச் சும்மா இருப்பேன்?

தம்பிகளா, டெல்டாவில் கிடைப்பது பெரும்பாலும் மீத்தேன். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். நம் ஊர் வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் திரவமாகாது. பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சொன்னாலே புரியும்.

டெல்டாவில் எரிவாயு எடுக்கவே இல்லை என்பதும் பொய். மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலத்தில் 101 மெகாவாட், திருவாரூர் மாவட்டம் கோவில்களப்பாலில் 108 மெகாவாட் மின்நிலையங்கள் அந்த எரிவாயுவை நம்பிக் கட்டியவைதான். 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டமும் ஏற்கெனவே ஓடிய கிணறுகளை மூடவில்லை.

உள்நாட்டு உற்பத்தியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதி இறக்குமதி. 2022இல் உக்ரைன் போரின்போது, ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனக் கிளையோடு கெயில் போட்டிருந்த நீண்டகால ஒப்பந்தப்படி வரவேண்டிய கப்பல்கள் நின்றன. உர ஆலைகளுக்கே எரிவாயுவைக் குறைத்தார்கள். ஆகவே எடுக்கட்டும். ஆனால் நாட்டின் உற்பத்தியில் பெரும்பங்கு மும்பைக் கடலிலும் கிருஷ்ணா–கோதாவரிக் கடலிலும் இருந்து வருகிறது. அதை விட்டுவிட்டு நெல் வயலைக் கேட்பானேன்?

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் சமையல் எரிவாயு எரிக்கிறோம். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி, பெரும்பகுதி ஹார்முஸ் நீரிணை வழியாக. ஒரு நாள் செலவு 80,000 டன்னுக்கு மேல். விசாகப்பட்டினத்து நிலத்தடிக் குகையில் 60,000 டன், மங்களூரில் 80,000 டன் வைக்கலாம். இரண்டும் சேர்ந்து இரண்டு நாளுக்குக் காணாது! ஆலைகளில் வேறு தொட்டிகள் உண்டு, சரி. ஆனால் கச்சா எண்ணெய்க்கு 53 லட்சம் டன் அவசரக் கிடங்கு கட்டிய நாடு, அடுப்புக்கு ஏன் கட்டவில்லை? இதைக் கேட்காமல் விவசாயியைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து நமக்குச் சாரல் தரும் அதே காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதற்கு ஹார்முஸும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். அந்த மின்சாரத்தை எடுத்துச்செல்ல வசதி போதாமல் காற்று மிகுந்த நாட்களில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறோம். அந்த நேரத்தில்தான் குற்றாலத்தில் சீசன். பரோட்டாக் கடையும் டீக்கடையும் 19 கிலோ சிலிண்டரை நம்பி நிற்கின்றன. தட்டுப்பாடு வந்தால் முதலில் கை வைப்பது அந்தச் சிலிண்டரில்தான். மின் அடுப்புக்கு மானியமும் ஊருக்குப் போதிய டிரான்ஸ்பார்மரும் கொடுத்தால் பாதிக் கடையாவது தப்பிக்குமே.

அடுத்து ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கப்பல் நின்றால் எங்கள் அடுப்பு எத்தனை நாள் எரியும்?"

மறுக்க நினைப்பவர்கள் கணக்கோடு வாருங்கள். வசவோடு வந்தால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்.