1983 கொரோல்லாவும் இன்றைய லெக்ஸஸும்

ஊர்த் தம்பிமார் லெக்ஸஸ் எல்சி 500 வீடியோக்களை மாறி மாறிப் பகிர்கிறீர்கள். அழகான கார்தான், மறுக்கவில்லை. 5 லீற்றர் வி8 எஞ்சின், 450க்கு மேல் குதிரைவலு. ஆனால் என் மனசு அதே டொயோட்டா கம்பனி 1983இல் சாதாரண சம்பளக்காரருக்காக விட்ட கொரோல்லா ஏஈ86 கூபேயில்தான். 1.6 லீற்றர் எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. லெக்ஸஸோ கிட்டத்தட்ட இரண்டு டன். பழசுக்கும் இப்போது விலை ஏறிவிட்டது, அது வேறு கதை. பாரம் இல்லாததால் 60இல் போகும்போதே வளைவும் பிரேக்கும் கைக்கும் காலுக்கும் விளங்கும். லெக்ஸஸின் பலம் தெரிய அதைவிட எவ்வளவோ வேகம் வேண்டும். நம் அதிவேக நெடுஞ்சாலையிலேயே எல்லை 100தான். அந்த வேகத்தை ஊர் வீதியில் தேடினால், மத்ரஸா விட்டு வரும் பிள்ளைகள்தான் முன்னால் வருவார்கள்.