தூண்டில் ரீலுக்குப் போனஸ் பணமா?

மும்பையில் ஞாயிறன்று பாறையோரம் தூண்டில் போடும் நம்மவர்கள், கடைக்காரர் அடுக்கும் பால்பேரிங் எண்ணிக்கையில் மயங்கிப் போனஸ் பணத்தை இழக்க வேண்டாம். 1905-ல் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வகையே புதியவருக்கு ஏற்றது. வீசும்போது அதன் உருளை சுழலாது. தங்கூசி நரம்பு தானே கழன்று ஓடும். விலை கூடிய மல்டிபிளையரிலோ உருளையே சுழலும். கட்டைவிரல் சற்றுத் தவறினால் ஒரே சிக்கல்! பிரித்து முடிப்பதற்குள் ஓதம் இறங்கிவிடும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பிரேக். நரம்பு திக்காமல் வருகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பார்க்கலாம். மட்டமான ரீல் அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும். விலை எதுவானாலும், வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும். பாறை இடுக்கில் கெளுத்தி பிடிப்பவருக்கு ரீலே எதற்கு? கட்டையில் சுற்றிய தங்கூசி போதும்.