தகப்பனார் பணம்

முப்பது வயதான பிள்ளை வீட்டு வாடகைக்காகத் தகப்பனாரிடம் பணம் வாங்கினால், ஊரார் அவனை ஏளனம் செய்கிறார்கள். அதே தகப்பனார் அதே பிள்ளையின் விவாகத்துக்குப் பத்து மடங்கு செலவழித்தாலோ, அவரை வாயாரப் புகழ்ந்து, விருந்தையும் உண்டு, தாம்பூலத்துடன் வீடு திரும்புகிறார்கள்! பந்தல் போட்டுக் கொடுத்தால் கௌரவம், பந்தல் இல்லாமல் கொடுத்தால் அவமானம் என்னும் இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

பெண்ணின் விஷயம் இன்னும் விசித்திரமானது. கணவனுக்கு வேலை போய், குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகத் தாய் வீட்டுப் படியேறும் பெண்ணிடம், "உனக்குத்தான் நகை போட்டு அனுப்பியாயிற்றே!" என்று கணக்குச் சொல்லுகிறார்கள். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டிலும், தேசம் முழுவதற்குமாக 2005-ஆம் ஆண்டிலும் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப்போல் மகளுக்கும் உரிமை ஏற்பட்டது. ஆயினும், நம் வீட்டுக் கூடத்துப் பேச்சில் அந்தத் திருத்தம் இன்னும் அமுலுக்கு வந்தபாடில்லை.

"எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கும் பெற்றோர் இல்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். அவர்களை முன்னிட்டே 2007-ஆம் ஆண்டில் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிறந்தது. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வைத்த, அறுபது வயது நிரம்பியவர்கள், வாங்கியவர் அந்தக் கடமையில் தவறினால், பத்திரத்தை ரத்துச் செய்யும்படி கோரலாம். நம்மவர்களோ, "பெற்ற பிள்ளையிடமா நிபந்தனை?" என்று கூச்சப்பட்டு, அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு வழக்கு என்று வரும்போது, நிபந்தனை இருந்ததா என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது.

கஷ்ட காலத்தில் பெற்றோரிடம் கை நீட்டுவது குற்றமல்ல என்பது நமது அபிப்பிராயம். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்குக் கொடுப்பதில்தான் மனஸ்தாபம் முளைக்கிறது. எவ்வளவு, எதற்காக, எத்தனை நாளைக்கு என்பதைக் குடும்பத்தார் எல்லோரும் கூடியிருக்கையில் பேசி முடிக்கட்டும். பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே நோட்டில் கணக்கு எழுதட்டும். குடியிருக்கும் வீட்டை மட்டும், கண் மூடும் வரையில், பெற்றோர் தங்கள் பெயரிலேயே வைத்துக் கொள்ளட்டும். அவர்களுக்கென்று ஒரு கூரை இருந்தால்தானே, நாளைக்கு இடறி விழுந்த குழந்தை வந்து ஒதுங்குவதற்கும் ஓர் இடம் இருக்கும்?